அம்மாச்சியின் காது

போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று யூடியூபில் தேடினால், முதலில் வந்து நிற்கிற பாடங்களில் பாதி முகத்தை வெள்ளையாக்குவது எப்படி என்பதுதான். ஒரு பெண்ணின் படத்தைத் திறப்பார்கள், தோலை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள், வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், வழவழப்பாக்குவார்கள், பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி "பாருங்க, எவ்ளோ நல்லா வந்திருக்கு" என்பார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தப் பெண் முதலிலேயே நன்றாகத்தான் இருந்தாள். இதைக் கொள்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் 1993 முதல் ஒரு படம் தொங்கியது. அதில் இருப்பது என் அம்மாச்சி என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மட்டும் அது அம்மாச்சியாகத் தெரிந்ததே இல்லை. நான் எடிட்டிங் பக்கம் வந்ததே அந்தப் படத்தால்தான்.

அம்மாச்சி இறந்தபோது எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். குரூப் போட்டோவில் ஓரமாக நிற்பார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு பேரப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் வேண்டும் என்று மாமா ஒரு கல்யாண குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களுக்குக் கம்ப்யூட்டர் வராத காலம். படத்தை மறுபடி படமெடுத்து, அந்தக் காப்பி நெகட்டிவில் பென்சிலால் வேலை செய்து, பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, அதன் மேல் பெயிண்டிலும் தொட்டுக் கொடுப்பார்கள். டச்சிங் என்று சொல்வார்கள். வந்த படத்தில் அம்மாச்சி ரோஜா நிறத்தில் இருந்தார். கன்னத்துச் சுருக்கம் காணாமல் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காது மாறியிருந்தது. தண்டட்டி என்கிற கனமான காதணி போட்டு வளர்ந்து, தோளைத் தொடப் பார்க்கிற காது அவருக்கு. தண்டட்டியை மாமாவின் படிப்புக்காக என்றோ விற்றுவிட்டார்கள், காது மட்டும் வெறுமனே தொங்கும். சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தத் துளைக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டு விட்டுவிடுவார். ஸ்டுடியோக்காரர் அந்தக் காதைச் சுருக்கி, அளவான காதாக வரைந்து, அதில் ஒரு கம்மலையும் வைத்திருந்தார்.

அந்த மனிதரை நான் திட்ட வரவில்லை. டச்சிங் பெரிய கைவேலை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சிலால் எந்த இடத்தைக் கருப்பாக்குகிறோமோ அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கிற குழியை நிரப்ப, மூக்கோரக் கோட்டை மழுக்க, ஊசி மாதிரி சீவிய பென்சிலை வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பென்சிலால் வெளுக்கத்தான் முடியும். கருமையைக் கூட்ட வேண்டுமென்றால் நெகட்டிவின் பூச்சைக் கத்தியால் சுரண்ட வேண்டும், கொஞ்சம் தவறினால் படமே போய்விடும். அதனால் அந்த வேலையின் கருவியே ஒரு பக்கம் சாய்ந்ததுதான். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. அவற்றை இணையத்தில் பார்த்துக்கொண்டு போனால், எத்தனை வீடுகளில் இப்படி நிகழ்ந்திருக்கும் என்று தோன்றும். அந்தக் கைகளின் திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் அம்மாச்சி அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்தது

போன வருடம் அம்மா வீட்டு பீரோவைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய ஆல்பம் வந்தது. எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்த வகை: அட்டையில் கோடுகோடாகப் பசை தடவியிருக்கும், மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். அதைப் போலப் படங்களுக்கு எதிரி வேறு இல்லை. பசை மஞ்சளாகிப் பின்பக்கத்தில் ஊறிவிடுகிறது, பிளாஸ்டிக் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் வீட்டிலும் அந்த ஆல்பம் இருந்தால் தயவுசெய்து இழுத்துப் பிய்த்துவிடாதீர்கள். முதலில் ஆல்பத்தோடு அப்படியே வைத்து ஒரு ஸ்கேனோ போட்டோவோ எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு என்ன ஆனாலும் அது மிஞ்சும். அப்புறம் பல்லிடுக்கு சுத்தம் செய்கிற டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராததை விட்டுவிடுவதே நல்லது.

ஸ்கேன் செய்ய ஒரு சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர் போதும். 600 டிபிஐ வைத்தேன், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி. நாலுக்கு ஆறு அங்குலப் படம் அப்போது 2400-க்கு 3600 பிக்சல் வரும்; அதே அளவில் பிரிண்ட் போட 300 போதும், ஆனால் முகத்தை மட்டும் பெரிதாக்க நினைத்தால் அந்தக் கூடுதல் தேவைப்படும். டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு தடவை மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் போய்விடும், வாட்ஸாப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு வேலை ஆரம்பித்தால் பாதி விவரம் ஏற்கெனவே போயிருக்கும். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க மனமில்லை, அதனால் கிம்ப். 1996-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் வெளியிட்டது, இன்றுவரை இலவசம். முதல் சில வாரம் அதன் சன்னல்களையும் பெட்டிகளையும் பார்த்தாலே மலைப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும். லேயர் என்பது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்: மூலப்படத்தை அடியில் தொடாமல் வைத்துவிட்டு, செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தனி அடுக்காக மேலே வைக்கலாம், பிடிக்காவிட்டால் அந்த அடுக்கை மட்டும் மறைத்துவிடலாம்.

கற்றுக்கொள்வதற்கு வீட்டுப் படத்தையே எடுங்கள் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். போட்டோஷாப்பை உருவாக்கிய நோல் சகோதரர்களில் ஒருவரான ஜான் நோல், தொடக்க காலத்தில் அந்த மென்பொருளை மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருந்ததே ஒரு சொந்தப் படம்தான். பொரா பொரா தீவின் கடற்கரையில் அவருடைய காதலி ஜெனிஃபர் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற படம். பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவருக்கு அது கையில் கிடைத்த வசதி. நமக்கு வேறொரு காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற பயிற்சிப் படத்தில் ஒரு மாடலின் தோலை என்ன நிறத்துக்கு மாற்றினாலும் "இது தப்பு" என்று சொல்ல ஆளில்லை. வீட்டுப் படத்துக்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு என்ன சுண்ணாம்பு அடித்திருந்தது, அந்தச் சேலை எந்தக் கடையில் எடுத்தது, அந்த மனிதர் எவ்வளவு கருப்பு என்று தெரிந்தவர் பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டால் போதும். எடிட்டிங்கில் நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் அம்மாவை என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்த பிறகுதான்.

சுங்குடிப் புள்ளி

அந்த ஆல்பத்தில் அம்மாவின் வளைகாப்புப் படங்கள் இருந்தன. 1983. மாமா அப்போது மெட்ராஸில் வேலையில் இருந்தார், நண்பர் ஒருவரிடம் யாஷிகா கேமரா இரவல் வாங்கி, கலர் ரோல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு படத்தில் அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அம்மா, கொஞ்சம் பின்னால் வேட்டி கட்டிய தாத்தா. யாரும் கேமராவுக்காக விறைத்து நிற்கவில்லை. அம்மாச்சியின் முகமும் ஒரு பக்கக் காதும் நன்றாக விழுந்திருக்கின்றன. இந்தப் படம் இருந்தும் 1993-ல் ஏன் யாருக்கும் நினைவு வரவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "வளைகாப்பு படத்தப் போயி யாராவது காரியத்துக்கு எடுப்பாங்களா?" என்றார். சரிதான்.

ஆனால் படம் முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தது. பழைய கலர் பிரிண்டுகள் ஏன் சிவக்கின்றன என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள்: சியான் என்கிற பச்சை கலந்த நீலம், மஜெந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள். எண்பதுகளின் தொடக்கம் வரை வந்த காகிதங்களில், இருட்டில் ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் சியான் சாயம்தான் முதலில் கரையும். நம் ஊர் வெக்கையும் புழுக்கமும் அதை இன்னும் வேகப்படுத்தும். சியான் போனால் மிஞ்சுகிற இரண்டும் சேர்ந்து சிவப்பாகத் தெரியும். வெளிச்சம் படும்படி சுவரில் மாட்டியிருந்தால் கதை வேறு, அங்கே பெரும்பாலும் மஜெந்தா முதலில் போகும். அதோடு காகிதத்தின் வெள்ளைப் பகுதிகள் நாளாக நாளாக மஞ்சளாகும். ஆக, ஒரே படத்தில் நிழலான இடம் ஒரு விதமாகவும் வெளிச்சமான இடம் வேறு விதமாகவும் கெட்டிருக்கும். மொத்தப் படத்துக்கும் "சிவப்பைக் குறை" என்று ஒரு பொத்தானைத் தள்ளினால் வேலை நடக்காது. கருப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று இடத்தில் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

கிம்பில் லெவல்ஸ் என்ற கருவியில் இதற்காகவே மூன்று சொட்டுக்குழாய்கள் இருக்கின்றன. படத்தில் உண்மையிலேயே கருப்பாக இருந்த ஒன்றை முதல் குழாயால் தொட வேண்டும், நிறமில்லாத சாம்பலை இரண்டாவதால், சுத்த வெள்ளையை மூன்றாவதால். மென்பொருள் அந்த மூன்றையும் வைத்துச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சமன் செய்யும். கருப்புக்கு அம்மாவின் தலைமுடி இருந்தது. சாம்பலுக்குத் திண்ணையின் சிமெண்டுப் பூச்சு. வெள்ளைக்குத் தாத்தாவின் வேட்டி, வேறென்ன? தொட்டேன். படம் முழுக்க மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிட்டது.

அம்மா பார்த்துவிட்டு, அப்பா வேட்டிக்கு நீலம் போடுவோமே என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், அந்தக் காலத்தில் வெள்ளைத் துணியை நீலத்தில் முக்கி எடுக்காமல் காயப்போடுவார்களா என்ன. ஆனால் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணுக்குப் பளீர் வெள்ளையாகத் தெரிகிற அந்த வேட்டி உண்மையில் லேசான நீலம். அதையே வெள்ளை என்று வைத்துக்கொள் என்று நான் சொன்னதும் மென்பொருள் படம் முழுவதிலிருந்தும் அந்த நீலத்தை எடுத்துவிட்டது, நீலம் போனால் மஞ்சள்தானே மிஞ்சும். சரி, நீலம் போடாத வெள்ளை எது? சுவர் சுண்ணாம்பு, அதிலும் நீலம் கலப்பார்கள். கண்ணின் வெள்ளை, அது யாருக்கும் சுத்த வெள்ளை இல்லை, வெற்றிலை போடுகிற வயதானவருக்குப் பல்லைச் சொல்லவே வேண்டாம். இரண்டு பேரும் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாதான் கண்டுபிடித்தார். "சுங்குடிச் சேலை கட்டியிருக்காங்க பாரு. அந்தப் புள்ளிய எடேன்."

மதுரைச் சுங்குடியில் துணியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டித்தான் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது, அவிழ்த்தால் அந்த இடம் வெறும் பருத்தியாக, வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சாயச் சேலைக்கு யாரும் நீலம் போட மாட்டார்கள். அந்த வளைகாப்புக்குத்தான் முதல் முறையாகக் கட்டிய புதுச்சேலை என்று அம்மா சொன்னார், அதனால் பக்கத்துச் சாயம் இறங்கிப் புள்ளி மங்கியிருக்கவும் வாய்ப்பில்லை. சொட்டுக்குழாயை ஒரே ஒரு பிக்சலை எடுக்காமல் சுற்றியுள்ள சிலவற்றின் சராசரியை எடுக்கும்படி மாற்றி, மடியில் விழுந்திருந்த ஒரு பெரிய புள்ளியின் நடுவில் வைத்துத் தொட்டேன்.

செங்கல் நிறம் விலகியது. வேட்டி லேசாக நீலம் பாரித்தது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். திண்ணை சிமெண்டாகியது. சேலை அதுவரை எங்களுக்கு அரக்காகத் தெரிந்துகொண்டிருந்தது, திடீரென்று கத்திரிப்பூ நிறமாகிவிட்டது. சித்தி எப்போதும் அந்தச் சேலையை "அம்மாவோட அரக்குச் சுங்குடி" என்றுதான் சொல்வார், அம்மா அது கத்திரிப்பூ என்பார், இரண்டு பேருக்கும் நடுவே அது பல வருடத்துச் சண்டை. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. கத்திரிப்பூவில் இருக்கிற நீலத்தன்மையைப் பிரிண்டில் தாங்கி நின்றது சியான் சாயம், அது கரையக் கரையப் படத்தில் சேலை அரக்காகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆல்பம் நெடுங்காலம் சித்தி வீட்டில்தான் இருந்தது. அவர் சேலையை நினைவில் வைத்திருக்கவில்லை, மங்கிக்கொண்டிருந்த படத்தைத்தான் நினைவில் வைத்திருந்திருக்கிறார். இது சித்திக்கு மட்டும் நேர்வது இல்லை என்பது என்னை இன்றைக்கும் தொந்தரவு செய்கிறது. நம் சின்ன வயது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பொன் வெளிச்சத்தில் எவ்வளவு அந்த வருடத்துச் சூரியன், எவ்வளவு சாயம் போன காகிதம்?

முகம் கடைசியாகத்தான் கண்ணில் பட்டது. நல்ல கருப்பு, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் பட்ட இடத்தில் மினுமினுப்பு, மஞ்சள் பூசியதால் தாடைப் பக்கம் ஒரு வெதுவெதுப்பான சாயல். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தார். "எங்கம்மா என்னைவிட ஒரு சுத்து கருப்பு. இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.

வெளிச்சம் வேறு, வெளுப்பு வேறு

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. முகம் கொஞ்சம் இருட்டாகவே இருந்தது, கண் சரியாகத் தெரியவில்லை. அதை வெளிச்சமாக்கலாமா? வெளிச்சமாக்கினால் அந்த யூடியூப்காரர்கள் செய்வதைத்தானே நானும் செய்கிறேன்? இதில் நான் ரொம்ப நாள் தடுமாறினேன், இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பின்னால் வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி என்று நிறைய வெள்ளை இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். கருத்த முகத்தில் கண்ணும் உதடும் அந்த இருட்டுக்குள் போய்விடும். அது கேமரா பறித்துக்கொண்டது, அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் திண்ணையும் சுவரும் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கையும் சேர்ந்து வெளிச்சமாக வேண்டும். அம்மாச்சிக்கும் அம்மாவுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு சுற்று வித்தியாசம் அப்படியே நிற்க வேண்டும். அம்மாச்சியின் முகத்தை மட்டும் தனியாக வெட்டியெடுத்து வெளிச்சமாக்கினால் அது வெளுப்பது. வெளிச்ச அளவுகளை மாற்றுகிற கர்வ்ஸ் கருவியில் நடுத்தர வெளிச்சத்தை மட்டும் கொஞ்சமாக உயர்த்தினேன், நிழலின் கடைசிக் கருமையைத் தொடவில்லை. கண்ணுக்குள் வாசல் பக்கத்து வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. கலர் லேபுகளில் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். கோடக் நிறுவனம் லேபுகளுக்கு அனுப்பிய அந்த அட்டைக்கு ஷெர்லி கார்டு என்று பெயர் வந்துவிட்டது, பல பத்தாண்டுகள் அதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அட்டையில் இருக்கிற பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009-ல் விரிவாக எழுதியிருக்கிறார். பிலிமில் பழுப்பு நிறங்கள் தேறியதற்குச் சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் தங்கள் பொருள் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்டது ஒரு காரணம் என்று அதில் படித்தபோது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தன. கோடிக்கணக்கான கருத்த மனிதர்களின் முகம் சரியாக விழாதபோது கேட்காத காது, மேசைக்கும் மிட்டாய்க்கும் கேட்டிருக்கிறது. பல இனத்துப் பெண்களும் சேர்ந்து இருக்கிற அட்டைகள் தொண்ணூறுகளில்தான் வந்தன. 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லாத் தோல் நிறத்தையும் சரியாகக் காட்டுவோம் என்று ரியல் டோன் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. அதாவது 2021-லும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

காதுக்கு வருகிறேன். படத்தில் கீறல்கள் இருந்தன, பூஞ்சை படிந்த வெள்ளை நரம்புகள் இருந்தன, அவற்றை ஹீலிங் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். தூங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் செய்கிற வேலைக்கு அது அருமையான வேலை, மனசு அடங்கும். இதைப் பார்த்த அண்ணன் பையன், "அத்தை, ஒரு ஆப் இருக்கு, ஒரே நொடியில எல்லாம் பண்ணிரும்" என்று தன் போனில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். நிஜமாகவே ஒரு நொடிதான். கீறல் ஒன்றுகூட இல்லை. கண் கண்ணாடி போலத் துலங்கியது, இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முகம் மட்டும் யாரோ. காதுமடல் தாடையோரம் முடிந்துவிட்டது, அதற்குக் கீழே தொங்க வேண்டிய சதை கழுத்து நிழலோடு கரைந்து போயிருந்தது. 1993-ல் பென்சில் செய்ததை இப்போது போன் செய்திருக்கிறது.

ஏன் இப்படி என்று பிறகு படித்தேன். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் இந்த வகை நிரல்கள் படத்தில் இல்லாத விவரத்தைத் தாங்கள் கற்ற முகங்களிலிருந்துதான் நிரப்புகின்றன. இவற்றில் பெயர்பெற்ற ஜிஎஃப்பி-கேன், எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற முகத் தொகுப்பை வைத்துப் பயிற்சி பெற்றது; ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள் அதில் இருக்கின்றன. தண்டட்டி போட்டு வளர்த்த காது அதில் எத்தனை இருக்கப்போகிறது? பார்த்துப் பழகாத காதை அது மங்கலான இடமாக எடுத்துக்கொள்கிறது. பையனிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் அம்மாச்சியைப் பார்த்ததே இல்லை, அவனுக்கு ஆப் கொடுத்த முகம்தான் பிடித்திருந்தது. "இவங்க காது ஏன் அத்தை இப்படி இருக்கு?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, பஞ்சு வைத்துக் காது வளர்ப்பது, தண்டட்டி எவ்வளவு கனம், அதை ஏன் விற்றார்கள், பின்னால் எத்தனை பெண்கள் வெட்கப்பட்டு ஆஸ்பத்திரியில் காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஆப் கொடுத்த படத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்து அழித்துவிடுகிற வேலைக்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எது சேதம், எது அந்த மனிதர் என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பூஞ்சை சேதம். பசைக் கறை சேதம். தாடையில் இருந்த பச்சைக்குத்து சேதமில்லை, மூன்று புள்ளி, ஸ்கேனில் தூசி மாதிரியே தெரியும், அம்மா சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. சாமி அலமாரியில் இருக்கும் தாத்தாவின் பாஸ்போர்ட் அளவுப் படத்தில் நெற்றியின் மேலேயே குங்குமம் வைத்து வைத்து எண்ணெய்க் கறையாக ஊறியிருக்கிறது. அது சேதமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவின் விரல் பட்ட இடம் அது. அந்த ஸ்கேனை எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருக்கிறேன், கறையை எடுத்தது தனி அடுக்கில் இருக்கிறது. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

சித்தி சொன்னது

படத்தைச் சித்திக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது, எடுத்ததும் அழுகை. அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு, அந்தக் காதும் அந்த வெற்றிலைச் சிரிப்பும் என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "ஏண்டி, இவ்ளோ பண்ணிட்ட, மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலராக்கிக் குடு. மாட்டி வைக்கிற படம், வர்றவங்க போறவங்க பாப்பாங்கல்ல" என்றார். நான், "அம்மாச்சி கருப்புதானே சித்தி" என்றேன். "கருப்புதான். அதுக்காக? அந்தம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் கருப்பி கருப்பின்னு கேட்டாச்சு. படத்துலயாவது நல்லா இருக்கட்டுமே."

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை, ஆனால் போனில் சொல்ல வரவில்லை. அதுவரை சித்திக்கு வெள்ளைத் தோல் மேல் ஆசை என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது ஆசையைப் பற்றி இல்லை, தன் அம்மாவுக்கு நடந்த அவமானத்தைப் பற்றி. பெண் பார்க்க வந்த இடத்தில், நாத்தனார்கள் நடுவில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று அம்மாச்சி கேட்ட பேச்சையெல்லாம் பிள்ளையாக நின்று பார்த்தவர் சித்தி. ஸ்டுடியோவில் வெளுத்து வந்த படம் அவருக்கு ஒரு நியாயம் செய்த மாதிரி இருந்திருக்கிறது. 1993-ல் அந்த டச்சிங்காரரும்கூட யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். இறந்தவருக்கு மரியாதை செய்வதாகவே நினைத்திருப்பார்.

புரிந்தாலும் நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். கருப்பி என்று சொன்னவர்கள் பார்த்த அதே நிறத்தைத்தான் நான் மடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன், எனக்கு அதில் குறையாக எதுவும் தெரிந்ததில்லை. அந்த நிறத்தை அழித்துவிட்டு அவரை அழகாக்கினால், அன்றைக்குப் பேசினவர்கள் சொன்னது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். இதை அப்படியே சித்தி வீட்டுக்குப் போனபோது நேரில் சொன்னேன். கேட்டுக்கொண்டார், "நீ சொல்றது உனக்குச் சரி" என்றார். அவர் வீட்டில் ரோஜா நிற அம்மாச்சிதான் இன்னும் இருக்கிறார், மாலையோடு. எங்கள் வீட்டில் அம்மா பழையதை இறக்கிவிட்டு, வளைகாப்புப் படத்திலிருந்து அம்மாச்சியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிய பிரிண்டை மாட்டியிருக்கிறார். மேட் காகிதத்தில் போட்டேன், கிளாஸி போட்டால் டியூப்லைட் பட்டுக் கருத்த இடமெல்லாம் பளபளத்து ஒன்றும் தெரியாது. லேபில் கொடுக்கும்போது "கலர் கரெக்ஷன் எதுவும் பண்ண வேண்டாம்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அங்கே இருக்கிற பழக்கத்தில் முகத்தைத் தானாகவே வெளுத்துவிடுவார்கள்.

இப்போது மாமா வீட்டில் அந்த ரோலின் நெகட்டிவ் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது, தாம்பரத்தில் ஒரு பரணில். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டில் போன விவரம் நிறையத் திரும்ப வரும், ஆனால் என் ஸ்கேனரில் அதற்கான விளக்கு மூடியில் இல்லை. கலர் நெகட்டிவில் இருக்கிற ஆரஞ்சு நிறத்தைக் கழித்துவிட்டு நிறம் எடுப்பது தனிப் பாடம், அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு மாமா வரும்போது கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவும் சித்தியும் அப்போது ஒரே இடத்தில் இருப்பார்கள், சேலை நிறத்தை மறுபடி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் அரக்கு என்றுதான் சொல்கிறார்.